வீட்டுப் பாடம்

மயிலாப்பூர் மாட வீதியில் காபி குடித்துக்கொண்டே லஞ்சத்தைத் திட்டாதவர் யார்? நானும் திட்டியிருக்கிறேன்.

திட்டுவதோடு நாம் நிற்கவில்லை. 1947-இல் ஊழல் தடுப்புச் சட்டம் செய்தோம். 1962-இல் கே. சந்தானம் தலைமையில் ஒரு குழு வைத்தோம். அதன் யோசனைப்படி 1964-இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் ஏற்பட்டது. 2018-இல் லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றமாயிற்று. எல்லாம் சரிதான். ஆனால் இவையெல்லாம் ஆபீஸ் வாசலில்தான் ஆரம்பமாகின்றன. ஆசாமியோ அங்கே வருவதற்கு இருபது வருஷம் முன்பே தேர்ச்சி பெற்றுவிடுகிறான்!

எங்கே என்கிறீர்களா? நம் வீட்டில்தான். கடன்காரர் கதவைத் தட்டினால், "அப்பா இல்லைன்னு சொல்லுடா" என்று குழந்தையை அனுப்புகிறோம். சொன்னதற்குக் கூலி ஒரு மிட்டாய். அதே குழந்தை நம்மிடம் பொய் சொன்னால் முதுகில் அறை! குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? பொய் தப்பில்லை, அகப்படுவதுதான் தப்பு என்று.

கண்டிப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது பெரியவர்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறேன்.

ஒரு முறை ரயிலில், என் மகனுக்கு நாலு வயது என்று டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னேன். "இல்லேப்பா, எனக்கு ஆறு" என்றான் அவன். அபராதம் கட்டிவிட்டு அவனை முறைத்தேன். தலையைத் தடவிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்று அவனும் உத்தியோகத்தில் இருக்கிறான். அவன் மேஜைக்கு என்னென்ன வருகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.