வெள்ளைத் தாளும் காலி நாற்காலியும்

ழுஸே சரமாகோவின் 'சீயிங்' நாவலை எனக்குக் கொடுத்தவர் ஓட்டுப் போடாதவர். மேருவில் எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் அண்ணன். 2018 மே மாதம், நான் பக்காத்தானுக்காக வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு போனபோது, அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்தார். "இதப் படிச்சிட்டு வந்து எங்கிட்ட ஓட்டு கேளு தம்பி." நான் படிக்கவில்லை. எங்கே நேரம்? அந்த அரசாங்கம் ஜெயித்து, 22 மாதத்தில் கவிழ்ந்து, நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதுதான் அலமாரியிலிருந்து எடுத்தேன்.

ஓட்டுப் போடாதவர்களின் வேதப் புத்தகம் போல இந்த நாவலைப் பேசுகிறவர்கள் உண்டு. அண்ணனும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் சரமாகோ எழுதியிருப்பது அதுவல்ல. பெயரில்லாத ஒரு நாட்டின் தலைநகரில் தேர்தல் நாளன்று மழை கொட்டுகிறது. வாக்குச்சாவடியில் ஈ ஆடுகிறது. மாலை நான்கு மணிக்கு, யாரும் சொல்லாமலே, ஊரே கிளம்பி வந்து வரிசையில் நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் எழுபது சதவிகிதத்துக்கு மேல் வெள்ளைத் தாள். ஒரு வாரம் கழித்து மறுபடி நடத்துகிறார்கள். இப்போது 83 சதவிகிதம். அந்த ஊர் மக்கள் வீட்டில் படுத்துத் தூங்கவில்லை. மழையில் நனைந்து வந்து, பெயரைச் சொல்லி, தாளை வாங்கி, எதையும் எழுதாமல் மடித்துப் போட்டார்கள். வராமல் இருப்பதும் வந்து வெறுமையாகப் போடுவதும் வேறு வேறு என்பதுதான் நாவலின் அடிப்படை. அதைத் தவறவிட்டுவிட்டு இந்த நாவலை மேற்கோள் காட்டுவது பாதிக் கதையைச் சொல்வது மாதிரி.

நம் சட்டத்தில் இந்த நுணுக்கத்துக்கெல்லாம் இடமில்லை. வெள்ளைத் தாளும் கிறுக்கிய தாளும் தப்பாகக் குறி போட்ட தாளும் ஒரே மூட்டையில் 'ரோசாக்'. இந்தியாவில் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 'நோட்டா' என்றொரு பொத்தானாவது வந்தது. அதை எத்தனை பேர் அழுத்தினாலும் அடுத்து நிற்கிற வேட்பாளர்தான் ஜெயிப்பார் என்பது வேறு விஷயம்.

2018-இல் எழுந்த 'உண்டி ரோசாக்' குரலை அப்போது நானும் திட்டியிருக்கிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் எதிர்க்கட்சிக் கூட்டணி மகாதீரைப் பிரதமர் வேட்பாளராக அறிவித்தபோது கிளம்பியது அது. பெரும்பாலும் படித்த இளைஞர்கள். "நீங்க தாளக் கெடுத்தா நஜிப்புக்குத்தான் லாபம், பெரிய எடத்துப் பிள்ளைங்க விளையாட்டு இது" என்பதுதான் எங்கள் பதில். வாக்களிப்பைப் புதன்கிழமையில் வைத்தபோது, மக்கள் வராமல் இருந்தால் யாருக்கு நல்லது என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஜனங்கள் பேருந்து பிடித்து, காரில் ஆள் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். 82 சதவிகிதம் பேர் வாக்களித்தார்கள். கெடுத்த தாள்கள் ஒன்றையும் மாற்றவில்லை.

ஆனால் அண்ணனின் கணக்கு அந்த இளைஞர்களின் கணக்கு அல்ல. 1987-இல் ஓப்பராசி லாலாங்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே வைத்த பிரதமர் யார்? 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் ஆறு பேர் செத்தபோது, பெரும்பாலும் நம்மாட்கள், பிரதமர் நாற்காலியில் இருந்தது யார்? அண்ணன் அந்த வாரங்களில் பெட்டாலிங் ஜெயாவில் இரவு வேலை பார்த்தவர். "அந்தப் பேருக்கு நேரா கைய வச்சு எக்ஸ் போட எனக்கு முடியல. அவ்வளவுதான்." இதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை. நாடு முக்கியம், நஜிப்பை இறக்குவது முக்கியம் என்று ஏதோ சொன்னேன். அந்த வாதம் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு வாதம் சரியாக இருப்பதால் இன்னொருவரின் கை தாளில் நகர்ந்துவிடாது.

இங்கேதான் நாவல் எனக்கு உதவாமல் போகிறது. சரமாகோ கட்சி உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்ட். தேர்தல் ஜனநாயகத்தின் போலித்தனத்தை அவர் கிழிக்கிற பக்கங்கள் பிரமாதம். அரசாங்கம் பயந்துபோய் இரவோடு இரவாகத் தலைநகரைக் காலி செய்து ஓடும்போது, வழிநெடுகிலும் வீடுகளில் விளக்கு எரிகிறது. குப்பை அள்ளுபவர்களை வேலைநிறுத்தம் செய்யவைத்தால், பெண்கள் துடைப்பத்தோடு வாசலில் இறங்கிவிடுகிறார்கள். வாசிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்த நகரத்தில் பிரிக்பீல்ட்ஸ் இல்லை. அந்த மக்களுக்கு இனம் இல்லை, சாதி இல்லை, 'அவர்கள்' என்று சுட்ட அங்கே ஒரு தெரு இல்லை. 83 சதவிகிதம் சேர்ந்து மௌனமாக இருந்தால் அது பேச்சு. நாட்டில் ஏழு சதவிகிதத்துக்கும் குறைவாக இருக்கிற ஒரு கூட்டம் மௌனமாக இருந்தால்? மறுநாள் யாராவது எண்ணிப் பார்ப்பார்களா என்பதே சந்தேகம்.

2024 மே 11 கோல குபு பாரு இடைத்தேர்தலுக்கு முன் இந்திய வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்து அதிருப்தியைக் காட்ட வேண்டும் என்ற பேச்சு பலமாக எழுந்தது நினைவிருக்கும். வாக்களித்தோர் 61.5 சதவிகிதம்தான். ஆளுங்கூட்டணி 3,869 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. வராதவர்களில் எத்தனை பேர் கோபத்தில் வரவில்லை, எத்தனை பேர் சனிக்கிழமை ஓவர்டைம் என்பதால் வரவில்லை? தாளில் பதிவாகாத கோபத்தை யார் வேண்டுமானாலும் தனக்குத் தோதாக மொழிபெயர்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்த்தார்கள்.

தமிழர்கள் இதை ஒருமுறை முழுசாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். சரமாகோவைவிட அதைத்தான் நாம் வாசிக்க வேண்டும். 1931, யாழ்ப்பாணம். டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது, பெண்களுக்கும் சேர்த்து. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், இது முழு சுயராஜ்யம் அல்ல, ஆகவே வேண்டாம் என்றது. பணத்துக்கோ பதவிக்கோ அல்ல, சாதி காப்பாற்றவும் அல்ல. அவர்கள் சமபந்தி போஜனம் கேட்டவர்கள். வடக்கில் நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட மனுத்தாக்கல் செய்யவில்லை. தெற்கும் கூட வரும் என்று நம்பினார்கள். வரவில்லை. நான்கு நாற்காலிகளும் 1934 வரை காலியாகக் கிடந்தன. 1936-இல் தமிழர் ஒருவரும் இல்லாத மந்திரிசபை அமைந்தது. இரண்டுக்கும் நேர்க்கோடு போட முடியாது என்று வரலாறு தெரிந்தவர்கள் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதன்முதலாக வாக்குரிமை கிடைத்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அவளுடைய மனசாட்சியை யாராவது கேட்டார்களா?

2005 நவம்பரில் அதே யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் 1.2 சதவிகிதம். அதை மனசாட்சிக் கணக்கில் சேர்க்க மாட்டேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் புறக்கணியுங்கள் என்று சொன்ன பிறகு வீட்டில் இருப்பது ஒரு தேர்வே அல்ல. அன்று ஜனாதிபதியைத் தீர்மானித்தது சுமார் 1,80,000 வாக்குகள்.

அப்படியானால் அண்ணன் சொல்வது தவறா? எனக்கு அப்படி எளிதாகச் சொல்ல வரவில்லை. எங்கள் காப்பார் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் இங்கே 144,000-க்கு மேல் வாக்காளர்கள். புத்ராஜெயாவில் 16,000 கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.பி. நாங்கள் ஒன்பது பேர் வரிசையில் நின்று போட்டது அங்கே ஒருவர் போட்டதற்குச் சமம். 2008-இல் மாணிக்கவாசகம், 2013-இல் மணிவண்ணன் என்று இரண்டு தமிழர்களை அனுப்பினோம். 2022-இல் பாஸ் ஜெயித்தது. இடையில் எல்லையை மாற்றினார்கள், கூட்டணியை மாற்றினார்கள். அதற்கெல்லாம் எங்களை யாரும் கேட்கவில்லை. ஒன்பதில் ஒரு பங்கு ஓட்டை ஒருவர் போடாமல் விட்டால் அதை எவ்வளவு பெரிய குற்றமாகப் பேசுவது?

போன மாநிலத் தேர்தலுக்கு முன்பு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த ஊர்க்காரர்கள் மழையில் நடந்து போய்த்தான் வெள்ளைத் தாள் போட்டார்கள், நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது அவங்க ஊரு. அங்க வெள்ளத் தாள எண்றதுக்கு ஆளிருக்கு" என்றார்.

அடுப்படியிலிருந்து அவருடைய மாமியார் தே கொண்டுவந்து வைத்தார். தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை, எழுபது தாண்டியும் சிவப்பு ஐசி. நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் பக்கம் திரும்பி, "ஸ்கூல்ல லைனு நீட்டா இருக்குமா, காலைலயே போயிருவியா?" என்று கேட்டார். எட்டு மணிக்கெல்லாம் போய்விடுவேன் என்றேன். அண்ணன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.