வாடைக்காற்றும் வாட் கணக்கும்

மார்கழி ஞாயிறுகளில் விடியும் முன்பே சென்னை நொச்சிக்குப்பம் லூப் சாலையில் சைக்கிள்கள் கிளம்பிவிடும். பட்டினப்பாக்கம், அடையாறு, திருவான்மியூர் கடந்து ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளும்; மணிக்கு 30 கிலோமீட்டர் சர்வசாதாரணமாக வரும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். போனபோது இருந்த வேகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மிதித்து, நீலாங்கரை வருவதற்குள் கால் ஓய்ந்து போகிறவர்கள் ஏராளம். ‘ஸ்டாமினா போதவில்லை’ என்று சலித்துக்கொள்வார்கள். ஸ்டாமினா இருக்கத்தான் செய்தது. அதைச் செலவழித்த விதத்தில்தான் தவறு.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவர் காற்றில்லாத சமதளச் சாலையில் 30 கி.மீ. வேகத்தில் போக சுமார் 160 வாட் போதும். எதிரே 10 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அதே 30-க்கு 250 வாட் வரை தேவை. 160 வாட்டிலேயே நின்றால் வேகம் 24-க்கு இறங்கும், அவ்வளவுதான். வீடு போய்ச் சேரும்வரை கால் தாங்கும். வேகத்தை மட்டும் காட்டும் மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியாது. பவர் மீட்டரில் அடுத்த நொடியே தெரிந்துவிடும்.

ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986-இல் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கி இந்தக் கருவியைச் சாலைக்குக் கொண்டுவந்தார். கிராங்கிலோ பெடலிலோ ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ், மிதியில் உலோகம் நுண்ணளவு வளைவதை அளக்கும். அதோடு சுழலும் வேகத்தைப் பெருக்கினால் வாட். அந்த கேஜுக்கு வெப்பநிலை மாற்றம் ஆகாது. ஏசி அறையில் நிறுத்திய சைக்கிளை வெளியே எடுத்த கையோடு ஏறிவிடாதீர்கள். கடற்கரை வெக்கையில் பத்து நிமிடமாவது நிறுத்தி, பிறகு மீட்டரை ஜீரோ செய்யுங்கள். இல்லையென்றால் அன்றைய எண்களை நம்ப முடியாது.

20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டிக் கிடைக்கும் சராசரி வாட்டில் 95 சதவீதம்தான் எஃப்.டி.பி., அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்சவரம்பு. நீண்ட தூரத்துக்கான பயிற்சி, ஆண்ட்ரூ காகன் வகுத்த முறைப்படி, அதில் 56 முதல் 75 சதவீதம் வரை. எஃப்.டி.பி. 200 என்றால் 112 முதல் 150 வாட். பேசிக்கொண்டே ஓட்டலாம். நம்மவர்களுக்கு இது போதாது என்று தோன்றும். பக்கத்தில் ஒருவர் முந்தினால் 220-க்கு எகிறிவிடுவார்கள். வாரம் முழுக்க இப்படி ஓட்டினால் களைப்புதான் சேரும், தாக்குப்பிடிக்கும் திறன் சேராது.

இனி சென்னைக்கே உரிய சிக்கல். மிதிக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதமே பெடலுக்குப் போகிறது; மிச்சமெல்லாம் வெப்பம். 140 வாட்டில் ஓட்டுகிறவரின் உடலில் 400 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. அதை வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும். மே மாதக் கடலோர ஈரக் காற்றில் வியர்வை எங்கே ஆவியாகிறது? சொட்டிக்கொண்டே போகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, நீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவும் சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குறைவான ரத்தமே வெளியேறுவதால் இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. முதல் மணி நேரம் 140 வாட்டுக்கு 135 துடிப்பு என்றால், மூன்றாவது மணியில் அதே 140-க்கு 155 ஆகலாம்.

வாட்டுக்கும் துடிப்புக்கும் இடையே உள்ள விகிதம், பயணத்தின் இரண்டாம் பாதியில் 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அடித்தள ஸ்டாமினா போதவில்லை என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல். குளிர்நாட்டுக்கு அது சரி. நம் கோடையில் அதை அப்படியே பொருத்தினால் நல்ல சைக்கிளிஸ்ட்டும் தன்னைப் பலவீனன் என்று நினைத்துக்கொள்வார். டிசம்பர், ஜனவரியில் அந்த விகிதத்தை வைத்து முன்னேற்றத்தை எடைபோடுங்கள். ஏப்ரலில் தொடங்கி, வாட் எண்ணைக் காப்பாற்றப் பிடிவாதம் பிடிக்காமல் துடிப்பு சொல்வதைக் கேளுங்கள். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை 10, 15 வாட் குறைவதில் வெட்கமே இல்லை.

பி.ஆர்.எம். எனப்படும், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களுக்குத் தயாராகிறவர்கள் இதை இன்னும் அழுத்தமாக மனதில் கொள்ள வேண்டும். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 600-க்கு 40 மணி. நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. போனால் இரண்டையுமே முடித்துவிடலாம். 90 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டரைக் கடக்க வேண்டிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்கு 2027-இல் போக நினைப்பவர்கள், அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடிக்க வேண்டும். அதற்குத் தேவை நாள் முழுக்க 120 வாட்டில் நிற்கும் பொறுமை.

ஒரே ஒரு எஃப்.டி.பி. எண்ணை ஆண்டு முழுக்க வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை, இரண்டையும் ஏசி அறை டிரெய்னரில் இல்லாமல் ஈ.சி.ஆரிலேயே சோதித்துக் குறித்து வைத்து, அந்தந்தப் பருவத்துக்கு அந்தந்த எண்ணைக் கொண்டு ஓட்டுங்கள்.