ஓடாவி செதுக்கிய குழந்தை

புளியம்பட்டி, உவரி அந்தோனியார் கோவில்களுக்குத் தை மாசியிலேயே கூட்டம் போய்வந்துவிடுகிறது. கச்சத்தீவும் மாசி, பங்குனிக்குள் முடிந்துவிடும். கொடியேற்றம், சப்பரம், அசனம், உப்பு மிளகு நேர்ச்சை எல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால், அந்தோனியாரின் சொந்த நாளான ஜூன் 13 எங்கள் பக்கத்தில் வீட்டுக்கென்று மிஞ்சிக் கிடக்கிறது. கொழும்பு கொச்சிக்கடைக்காரர்கள் சண்டைக்கு வரலாம்; அவர்களுக்கு அன்றுதான் பெரிய திருநாள். வரட்டும். நான் சொல்வது தூத்துக்குடிக் கதை.

இந்த ஊரில் அந்தத் தேதிக்கு வேறொரு ருசியும் உண்டு. ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது. 13-ஆம் தேதி விசைப்படகுகள் புதுப் பெயின்ட் வாசத்தோடு கரையில் நிற்கும். வலை பொத்தி முடிந்திருக்கும், ஐஸுக்குச் சொல்லியாகியிருக்கும். அப்பாமார் வீட்டில் இருக்கும் கடைசித் திருநாள் அது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயமும் அதுவே என்பதால் நோட்டுக்கு அட்டை போடுகிற பழுப்புத்தாள் சுருள் எல்லா வீட்டிலும் இருக்கும். பிரான்சிஸ்கன் அங்கியின் நிறம் வேறு எங்கே தேட வேண்டும்? பீடத்துக்குப் பின்னால் ஒட்டும் திரைக்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் அந்தத் தாள்தான். ஜிகினாத் துணி வாங்கலாம் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். நான் காது கொடுக்கவில்லை.

சுரூபத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

எங்கள் வீட்டு அந்தோனியார் ஒரு சாணுக்குச் சற்று மேல். தோணி கட்டிய ஓடாவி ஒருவர், மிஞ்சின மரத்துண்டில் என் தாத்தாவுக்காகச் செய்துகொடுத்தது. முகம் சுமார்தான், சிற்பி செய்த முகம் இல்லை என்பது முதல் பார்வையிலேயே தெரியும். மூக்கு கொஞ்சம் கனம், கண் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. ஆனால் கையைப் பாருங்கள். இடது கை மடங்கி, புத்தகத்தைத் தாங்கி, அந்தப் புத்தகத்தின் மேல் குழந்தை இயேசு உட்கார இடம் விட்டு வளைகிற வளைவு இருக்கிறதே, அது தோணியின் வங்கு வளைவு. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே கையும் ஓடுகிறது. பலகையோடு பலகை சேர்த்துத் தண்ணீர் புகாமல் பார்த்துப் பழகின ஆள், குழந்தையைத் தனியாகச் செதுக்கி, அடியில் ஒரு முளை வைத்து, புத்தகத்தில் துளை போட்டுப் பொருத்தியிருக்கிறார். தள்ளினால் விழாது, தூக்கினால் வந்துவிடும். அரை நூற்றாண்டுக்கு மேலான உப்புக்காற்றுக்குப் பிறகும் அந்தப் பொருத்தம் இளகவில்லை.

குழந்தை கழன்று வருவது எவ்வளவு பெரிய சங்கதி என்பது பிள்ளைகளோடு திருநாள் கொண்டாடினால்தான் தெரியும். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும், மாப்பிள்ளை அமையும்வரை அந்தோனியாரிடமிருந்து குழந்தையைப் பறித்து ஒளித்துவைக்கும் வழக்கம் உண்டு. கேட்டது கிடைத்தால்தான் குழந்தை திரும்பும். பெரியவர்களின் பேரம் அது, எனக்கு ஒட்டவில்லை. நாங்கள் அதைப் பிள்ளைகளுக்காகத் திருப்பிக்கொண்டோம். 12-ஆம் தேதி இரவுச் செபம் முடிந்ததும் வீட்டில் மூத்தவர் ஒருவர் குழந்தையை எடுத்து எங்காவது வைத்துவிடுவார். மறுநாள் விடிந்ததும் பிள்ளைகள் தேட வேண்டும். அரிசிப் பானை, தையல் மெஷின் டிராயர், அப்பாவின் ஹெல்மெட், சாமான் அறை. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரின் திருநாளில் அவர் இழந்ததை நாம் கண்டுபிடித்துத் தருகிறோம். கண்டெடுத்த பிள்ளைதான் முளையைத் துளையில் வைத்து அழுத்தும். அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பிறகுதான் காலை ஆப்பம்.

கலைவரலாறு தெரிந்தவர்கள், குழந்தை பின்னால் வந்தது என்பார்கள். சரிதான். பதுவைப் பேராலயப் பீடத்துக்கு 1440-களில் தொனத்தெல்லோ வார்த்த வெண்கல அந்தோனியாரிடம் குழந்தை கிடையாது. கம்போசம்பியேரோவில் விருந்து கொடுத்த வீட்டுக்காரர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தபோது அந்தோனியாரின் கையில் குழந்தையைக் கண்டாராமே, அந்தக் காட்சி ஓவியர்களின் கைக்கு வந்து பரவக் காலம் பிடித்தது. வந்தபின் அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. முரியோ 1656-இல் செவில் பேராலயத்துக்கு வரைந்த பெரிய படத்தில் குழந்தை மேலே வெளிச்சத்துக்குள் நிற்கிறது, அந்தோனியார் கீழே முழங்காலில் கை நீட்டுகிறார், இரண்டுக்கும் நடுவே பெரிய வெற்றிடம். கை இன்னும் எட்டவில்லை. படம் முழுவதும் அந்த எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. 1874-இல் யாரோ அந்தப் படத்திலிருந்து அந்தோனியாரை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். மறு ஆண்டு நியூயார்க்கில் அகப்பட்டார். தொலைந்த பொருளுக்குப் பாதுகாவலரே தொலைந்துபோய் அட்லாண்டிக் தாண்டிக் கிடைத்த இந்தக் கதையை, தேடல் முடிந்த காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அற்புதங்களைவிட இதற்குத்தான் எங்கள் வீட்டில் மவுசு.

முரியோவின் இடைவெளியை நான் மதிக்கிறேன். வீட்டுக்கு அது ஆகாது. வீட்டில் குழந்தை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதனாலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டின சுரூபங்கள் மேல் எனக்குக் கோபம். பிளாஸ்டர் சுரூபம் உடையும் என்று பயந்து பெட்டி வந்தது. இப்போது உடையாத ஃபைபர் வந்தபிறகும் பெட்டி போகவில்லை. ஃபைபர் அந்தோனியார்களின் முகம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். இமைமயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஆனால் ஒரே அச்சில் குழந்தையும் அவரும் ஒட்டிக்கொண்டே பிறக்கிறார்கள். குழந்தை அவரைப் பார்ப்பதில்லை, அவரும் குழந்தையைப் பார்ப்பதில்லை, இருவரும் போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நம்மையே பார்க்கிறார்கள். ஓடாவியின் குழந்தை வலது கையைத் தூக்கி அவர் தாடையைத் தொடுகிறது. அவர் குனிந்திருக்கிறார். தலைக்குப் பின்னால் சுழலும் எல்.இ.டி. வட்டம் இருந்தால் அந்தக் குனிவு யார் கண்ணுக்குப் படும்?

லீலி மலர் விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை, ஆனால் பிளாஸ்டிக் கூடாது. எங்கள் மண்ணில் லீலிக்கு எங்கே போவது? சம்பங்கித் தண்டு போதும். நேராக நிற்கும், வெள்ளையாக இருக்கும், இரவில் மணக்கும், மொட்டு கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும். முதல் நாள் மாலையில் வாங்கி வைத்தால் 13-ஆம் தேதி இரவுச் செபத்துக்கு நடுத்தண்டு மலர்ந்திருக்கும். கைப்பிடித் துளைக்குத் தக்கபடி தண்டைச் சீவுவது மூத்த பேரனின் உத்தியோகம். சின்னவர்களுக்கு இடுப்புக்கயிறு: வெள்ளை நூலை முறுக்கி மூன்று முடிச்சு. முடிச்சுகளின் இடைவெளி சமமாக வரவேண்டும் என்று நான் நிற்பேன். கடற்கரைப் பிள்ளைக்கு முடிச்சு போடத் தெரியவில்லை என்றால் யாரைக் குறைசொல்வது? ஷூவுக்கே ஒட்டுப்பட்டை வந்துவிட்ட காலம்.

லிஸ்பன்காரர்களிடம் எனக்குப் பொறாமை உண்டு. பதுவை அந்தோனியார் என்று நாம் சொல்ல, அவர்கள் எங்கள் லிஸ்பன் அந்தோனியார் என்பார்கள். பிறந்தது அங்கே, இறந்தது பதுவையில், 1231-இல். ஜூன் 12 இரவு அந்த ஊர்த் தெருவெல்லாம் சாளை மீன் சுடும் புகை. அந்த நாட்களில் பிள்ளைகள் வாசற்படியில் பெட்டிகளை அடுக்கி, தாள் ஒட்டி, படிப்படியாகச் சிம்மாசனம் கட்டி, உச்சியில் சுரூபம் வைத்து, போகிறவர் வருகிறவரிடம் அந்தோனியாருக்கு ஒரு காசு கேட்பார்கள். 1755 நிலநடுக்கத்தில் இடிந்த அவருடைய கோவிலைத் திரும்பக் கட்டக் காசு சேர்த்ததில் தொடங்கியது என்று சொல்வதுண்டு. பெரியவர் உதவி இல்லாமல் பிள்ளையின் கை செய்த கோணல் படிக்கட்டு அது. போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு எதையெதையோ கொண்டுவந்தார்கள், இதைக் கொண்டுவராமல் போனார்களே.

அந்தோனியார் பேரில் கொடுக்கிற ரொட்டிக்கு வருவோம். பேக்கரிக்குப் பேர்போன ஊர் என்பதால் எங்களுக்கு அதில் சிரமமில்லை. சின்ன பன் சொல்லிவைத்து, மந்திரித்து, அக்கம்பக்கத்துக்கு யார் என்ன என்று பார்க்காமல் கொடுத்துவிடுவது வழக்கம். இதற்குத் தூலோன் நகரத்துக் கடைக்கதையைச் சொல்கிறவர்கள் அதிகம்: 1890-இல் பூட்டுத் திறக்காமல் லூயிஸ் பூஃபியே தவித்து, ஏழைகளுக்கு ரொட்டி நேர்ந்துகொண்டதும் சாவி திரும்பியது. நல்ல கதை. எனக்குப் பிடித்தது அதற்கும் பழைய பதுவைக் கதை. தண்ணீர்த் தொட்டியில் மூழ்கின தொமாசீனோவுக்கு உயிர் கிடைத்தால் அவன் எடைக்கு எடை தானியம் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாளே, அது. அதில் ஒரு பிள்ளையின் பாரம் இருக்கிறது. ஆகவே வீட்டின் கடைக்குட்டியை எடைமெஷினில் ஏற்றி, முள் காட்டின அளவுக்கு அரிசி அளந்து, தேவைப்பட்ட வீட்டுக்குச் சத்தமில்லாமல் அனுப்புவோம். அளப்பது பிள்ளைகள். போன வருஷத்தைவிட இந்த வருஷம் எத்தனை படி கூட என்று அவர்களே கணக்குச் சொல்வார்கள். அந்தோனியார் படத்தைச் சர்க்கரைத்தாளில் அச்சடித்து ஒட்டின கேக்கை ஒரு உறவுக்காரர் வீட்டில் வெட்டினார்கள். யார் முகத்தில் கத்தி வைப்பது என்று பிள்ளைகள் விழித்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் கதை. ரிமினி மீன் கதைதான், வேறெதுவும் எடுபடாது. கோவேறு கழுதை நற்கருணை முன் மண்டியிட்ட கதை உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு. மனிதர்கள் கேட்காத பிரசங்கத்தை மீன்கள் கேட்க வந்தபோது சிறியவை கரையோரம், நடுத்தரம் அடுத்து, பெரியவை ஆழத்தில் என்று வரிசையாக நின்றனவாம். இங்கே நான் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் மீன்பெயர் சொல்லி வரிசையை நிரப்ப வேண்டும். நெத்திலி, சாளை, ஊளி, விளமீன், பாறை, சீலா. சுறாவை எங்கே நிறுத்துவது என்று வருஷா வருஷம் தகராறு. “தாத்தா, சுறா பக்கத்துல நின்னா மத்ததெல்லாம் எப்படிப் பிரசங்கம் கேக்கும்?” என்றாள் ஒருத்தி. 1654-இல் இதே திருநாளில் பிரேசிலின் மரனியாவோவில் அந்தோனியோ வியெய்ரா மீன்களைப் பார்த்துப் பேசுகிற சாக்கில் குடியேறிகளைக் கிழித்த பிரசங்கமும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது: பெரியது சின்னதைத் தின்கிறது. பேத்திக்கு வியெய்ராவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கொஞ்சம் வளரட்டும்.

செபஸ்தியார்தான் பையன்களுக்கு ஏற்றவர் என்று என் மைத்துனர் வாதிடுவார். அம்பு, ரத்தம், வீரம். ஜனவரி 20-க்கு அவர் வீட்டில் நடப்பதை நானும் ரசிப்பவன்தான். ஆனால் அம்பு தைத்த சுரூபத்தைப் பிள்ளை பார்க்கத்தான் முடியும், அதை வைத்து அது என்ன செய்யும்? மாறுவேடக் கட்சி இன்னொன்று: பழுப்பு அங்கி தைத்து, பஞ்சில் வழுக்கை ஒட்டி, கையில் பொம்மை கொடுத்துப் படம் எடுப்பது. படம் எடுத்தவுடன் அங்கியைக் கழற்றச் சொல்லிப் பிள்ளை அழும். ஜூன் மாதத்துப் புழுக்கம்.

மன்றாட்டுமாலையைப் பற்றி ஒரு புலம்பல் பாக்கி. எங்கள் ஆச்சி தலைப்பு சொல்ல, நாங்கள் மறுமொழி சொல்வோம். சொல்லிச்சொல்லி வேகம் பிடித்து, கடைசிப் பக்கத்தில் அலை மாதிரி விழும். தூங்கின பிள்ளையும் தூக்கத்திலேயே பதில் சொல்லும். இப்போது பல வீடுகளில் போனில் ஓடவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கீபோர்டு, எதிரொலி, பின்னணிக் குரல் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, வீட்டில் ஒருவர் வாயும் அசைவதில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை தலைப்பு சொல்லட்டும். “மன்றாட்டு” என்பதில் தடுக்கினால் தடுக்கட்டும்.

சுரூபம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். “தொடாதே” என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். எங்கும் அகப்படாவிட்டால் உங்கள் ஊர் தச்சரிடம் ஒரு துண்டு மரத்தைக் கொடுத்து, குழந்தையைத் தனியாகச் செய்து தரச் சொல்லுங்கள். முகம் கோணினால் பரவாயில்லை, முளை மட்டும் இறுகியிருக்க வேண்டும்.