ஏழரை சென்டிமீட்டர் வங்கக் கடல்

பிளாஸ்டிக் கப்பல் கட்டுவது ஒரு சுகம் என்றால், கட்டியதைக் கடலடியில் கொண்டுபோய்ச் சாய்த்துக் கிடத்துவது அதைவிடப் பெரிய சுகம்! மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹெர்மிஸைத் திருவண்ணாமலையில் உட்கார்ந்து செய்து முடித்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். தற்காத்துக்கொள்ள அன்று கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. அதனால் கிட்டில் வரும் குட்டி விமானங்களை நான் தொடவே இல்லை. மேல்தளம் வெறிச்சென்றுதான் இருக்க வேண்டும்.

கிட், ஜப்பானின் அவோஷிமா தயாரிப்பு. எழுநூறில் ஒரு பங்கு அளவு. 183 மீட்டர் கப்பல் 26 சென்டிமீட்டராக மேசைக்கு வந்துவிடுகிறது. வார்ப்பின் நேர்த்தியைச் சொல்லி மாளாது! ஆனால் இது மிதக்கும் கப்பலுக்கான கிட். நீர்மட்டத்துக்குக் கீழே உடம்பு கிடையாது. சாய்ந்து கிடக்கும் கப்பலுக்கு அடிவயிறு தெரிந்தாக வேண்டுமே! எம்-சீலைப் பிசைந்து அப்பி, இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அந்த வளைவைக் கொண்டுவந்தேன். கை வலித்தாலும் நிறுத்த மனம் வராத வேலை.

கடலடி மணலுக்கு நிஜ மணல் உதவாது. இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல், 70 சென்டிமீட்டர் பாறாங்கல்லாகிவிடும். கோலமாவை வேட்டித் துணியில் சலித்து, நீர்த்த ஃபெவிகாலின் மேல் தூவினேன். அடடா, என்ன மென்மை!

துருவுக்கு எங்கள் ஊர்க் காவி. கோயில் மதிலில் பட்டை அடிக்கிற, கோலத்துக்குக் கரை கட்டுகிற அதே செங்காவிப் பொடி. காவிக்கும் சரி, துருவுக்கும் சரி, நிறம் தருவது இரும்பு ஆக்சைடுதான். எந்த வெளிநாட்டுப் பெயிண்டும் இதற்கு ஈடாகாது என்று அடித்துச் சொல்வேன். காய்ந்த தூரிகையில் துளி எடுத்து, தகட்டு விளிம்புகளில் மட்டும் ஒற்ற வேண்டும். பிறகு நீலம் கலந்த ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் அதன் சூட்டிலேயே பிளாஸ்டிக் வளைந்துவிடும். அடுக்கு ஏற ஏறச் சிவப்பு மங்கிச் சாம்பலாகிறது. நிஜக் கடலிலும் அப்படித்தான், தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான்.

என்னை உலுக்கிய விஷயம் வேறு. அங்கே ஆழம் சுமார் 53 மீட்டர். அளவைக் குறைத்தால் ஏழரை சென்டிமீட்டர், அவ்வளவுதான் மொத்தக் கடலும்! கப்பலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செங்குத்தாக நின்றிருந்தால் பெரும்பகுதி தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எத்தனை படித்தும் எனக்கு உறைக்காத இது, ஸ்கேலை நிறுத்திப் பார்த்த நொடியில் உறைத்தது. ஆறடி உயர முக்குளிப்பவர் ஒருவரையும் கம்பித் துணுக்கில் செய்து தளத்துக்கு மேலே மிதக்கவிட்டிருக்கிறேன். எள்ளளவுதான் இருக்கிறார். ஆனால் அவர் இருப்பதால்தான் கப்பல் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது!

அதே நாளில் அதே கடலில் மூழ்கிய ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயர்தான் அடுத்தது. பலகை அறுத்தாயிற்று, காவியும் சலித்தாயிற்று.