பேராக் கண்ட பெண்மணிகள் இருவர்

பயண நூலை மதிப்பிடுவோர் அதன் நடையழகை மட்டும் நோக்குதல் போதாது. எழுதியவர் யார் வீட்டில் தங்கினார், எத்தனை நாள் தங்கினார், யார் சொல்லக் கேட்டு எழுதினார் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். நம் பேராக் மாநிலத்தைப் பற்றிய ஆங்கில நூல்கள் இரண்டு இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாவது, இசபெல்லா பேர்டு அம்மையார் 1883-இல் வெளியிட்ட நூல். மலாயாவைப் 'பொற்குடாநாடு' என்னும் பழம்பெயரால் சுட்டும் தலைப்புடையது. தங்கைக்கு எழுதிய கடிதங்களாக அமைந்தது. 1879-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் ஆகிய மலாய் முஸ்லிம் அரசுகளை அவர் சில வாரங்களே சுற்றிப் பார்த்தார். கோலகங்சாரில் ரெசிடெண்டு ஹியூ லோ இல்லாத வேளையில், அவருடைய இல்லத்தில் குரங்குகளோடு விருந்துண்ட காட்சி படிப்போர் நெஞ்சை விட்டு அகலாது. யானைச் சவாரி பெற்ற பெருமையோடு அதனால் பட்ட துன்பத்தையும் மறையாது கூறுகிறார். கண்ணாற் கண்டதைச் சொல்லுமிடத்து இவ்வம்மையார்க்கு நிகராவார் சிலரே.

ஆயின், மலாய் மக்களின் இயல்பையும் ஆட்சியின் சிறப்பையும் பேசுமிடத்துப் பெரும்பாலும் விருந்தளித்த அதிகாரிகளின் கருத்தே ஒலிக்கிறது. விருந்தினர்க்கு வீட்டின் முன்கட்டுத்தானே தெரியும்!

இரண்டாவது, எமிலி இன்னஸ் அம்மையார் 1885-இல் எழுதியது. அப்பொற்குடாநாட்டின் முலாம் கழன்ற நிலை என்பதே அதன் தலைப்பின் பொருள். சிற்றதிகாரியின் மனைவியாகிய இவர் லங்காட்டிலும், பின்னர் நம் சுங்காய்க்கு அணித்தான தெலுக் இந்தான் பகுதியிலும் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தார். 1878-இல் பங்கோரில் கேப்டன் லாயிடு கொல்லப்பட்ட இரவில் அவ்வீட்டில் விருந்தாளியாக இருந்து காயமுற்றவரும் இவரே. தனிமை, சேறு, உணவுத் தட்டுப்பாடு ஆகியவை இவர் நூலில் உள்ளவாறே நிற்கின்றன. பேர்டு கூறியதும் மெய், தாம் கூறுவதும் மெய். பார்த்த நிலைமைதான் வேறு என்கிறார் இவர்.

இக்கூற்றை நாம் அப்படியே ஏற்றல் இயலாது. இவர் மலாய் கற்றார். வீட்டிற்கு வந்த மலாய்ப் பெண்களோடு உரையாடினார். எனினும் அவர்களை எள்ளி நகைக்கும் போக்கும், அரசாங்கத்தின்மேற் கொண்ட மனக்கசப்பும் பல பக்கங்களைக் கறைப்படுத்துகின்றன. நெடுநாள் வாழ்ந்ததும் மொழியறிந்ததும் ஒருவரை நடுநிலையாளர் ஆக்கிவிடா. அம்மலாய்ப் பெண்கள் இவ்வெள்ளைக்கார அம்மையாரைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதை இரு நூலாலும் முழுமையாக அறிய முடியவில்லை.

தமிழாசிரியர்க்கு இதிற் பயன் உண்டு. பயணக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர் 'கண்கொள்ளாக் காட்சி' என்று தொடங்கி 'மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்' என்று முடிப்பர். இனி ஒரு வினாவையும் சேர்த்துக் கொடுப்போம்: அவ்வூரில் நீ யாரிடம் பேசினாய்? அவர் உன்னைப் பற்றி என்ன கேட்டார்? விடை எழுதத் தெரிந்த பிள்ளை, பிறர் எழுதியதையும் எடைபோட்டுப் படிக்கும்.