பாதி வீடும் மீதிச் சுமையும்

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் இக்கீக்கே நகரம். அதன் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்துவந்தன ஏறத்தாழ 100 குடும்பங்கள். நிலம், குழாய், வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு 7,500 டாலர்தான் அரசு மானியம். நிலத்தின் விலையோ, ஏழைகள் குடியிருப்புக்கு வழக்கமாகக் கொடுப்பதைப்போல் மூன்று மடங்கு. அடுக்குமாடி என்ற பேச்சு எழுந்ததும், உண்ணாவிரதம் இருப்போம் என்றார்கள் மக்கள்.

கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா இந்தக் குடும்பங்களுக்காக எடுத்த முடிவைப் பல மேடைகளில் விளக்கியிருக்கிறார். பணம் 40 சதுர மீட்டருக்குத்தான் போதும் என்றால், அதைச் சிறிய வீடாகப் பார்க்காமல் நல்ல வீட்டின் பாதியாகப் பார்க்கலாமே என்பது அவர் வாதம். 2004இல் 93 வீடுகள் எழுந்தன. சமையலறை, குளியலறை, மாடிப்படி, பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர் என, ஒரு குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ளத் திணறும் பகுதிகளை அவரது குழு கட்டியது. நடுவில் விட்ட வெற்றிடத்தைக் குடும்பங்கள் நிரப்பிக்கொண்டன. எது கடினமோ அதை நிபுணர் ஏற்பது என்ற இந்தத் தெளிவுதான் அவருடைய வேலையில் நான் மிக மதிப்பது.

ஆனால் அந்த விளக்கத்தில் ஒரு கணக்கு விடுபடுகிறது. மீதிப் பாதிக்கும் பணம் வேண்டும். விடுமுறை நாளின் உழைப்பும் வேண்டும். கையில் காசிருக்கும் குடும்பம் நல்ல சன்னல் வைக்கும், இல்லாத குடும்பம் பலகையடித்து மறைக்கும். இதை மக்களின் படைப்பாற்றல் என்று கொண்டாடும்போது அரசு செய்யாமல் விட்ட பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இடமும் முக்கியம். இக்கீக்கேயில் மழை அபூர்வம். இணைப்பு ஒழுகினாலும் பாதகமில்லை. அதே குழு பின்னர் கட்டிய மெக்சிகோவின் மான்டெரே நகரில் மழையால் அப்படி விட முடியாது என்பதால், வெற்றிடங்களுக்கும் சேர்த்து ஒரே கூரை போட்டார்கள். தன் வடிவத்தையே திருத்திக்கொள்ளும் இந்த மனம் பாராட்டுக்குரியது. இந்த வழி முற்றிலும் புதிதும் அல்ல. 1980களில் இந்தூரின் அரண்யா குடியிருப்பில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியும், கழிப்பறையும் அடித்தளமும் கொண்ட மனையிலிருந்து குடும்பமே வீட்டை வளர்த்துக்கொள்ளும் வழியைத்தான் வகுத்தார்.

2016இல் தன் நான்கு குடியிருப்புகளின் வரைபடங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அரவேனாவின் குழு வெளியிட்டது. இக்கீக்கேயில் வீடுகள் வளர்ந்ததற்கு, வேலையும் பள்ளியும் நடக்கும் தூரத்தில் இருந்த அந்த விலையுயர்ந்த நிலமும் காரணம். அரவேனாவும் இதை வலியுறுத்துகிறார். ஆனாலும் ஊருக்கு வெளியே மலிவான பொட்டலில் இந்த வரைபடத்தை விரிக்க எந்த அரசுக்கும் தடையில்லை. கூலிக்கே பேருந்தில் இரண்டு மணி நேரம் போய்வரும் குடும்பம், அந்த வெற்றிடத்தில் எப்போது சுவர் எழுப்பும்?