ஆடிப் பார்த்து அறிதல்

1946ஆம் ஆண்டு. மூளை அழற்சியிலிருந்து மெல்லத் தேறிக்கொண்டிருந்த கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம், ஒருவரே ஆடும் கான்ஃபீல்டு சீட்டாட்டத்தில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். 52 சீட்டுகளையும் கலைத்துப் பரப்பினால், ஆட்டம் கைகூட எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டுக் காண நெடுநேரம் முயன்றார். பிறகு அவருக்குத் தோன்றியதன் எளிமையைப் பாருங்கள்: ஒரு நூறு முறை ஆடி, எத்தனை முறை கைகூடிற்று என்று எண்ணிவிட்டால் என்ன!

இந்த நூறு எதன் எதிரே நிற்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 52 சீட்டுகளை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கப் பேரெண். அதன் முன்னே நூறு ஆட்டம் ஒரு தூசுகூட இல்லை. ஆனாலும் நம் விடையின் துல்லியத்தை நிர்ணயிப்பது எத்தனை முறை ஆடினோம் என்பதுதான். அந்தப் பேரெண் குறுக்கே வருவதே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, நன்றாகக் கிளறியிருந்தால் பானை எத்தனை பெரிதானால் என்ன? சீட்டைச் சீராகக் கலைப்பதில்தான் இந்த முறையின் நேர்த்தியெல்லாம் குடியிருக்கிறது.

என் மனத்தை முற்றாகக் கொள்ளை கொள்வது இதன் பிழைக்கணக்கு. நூறு ஆட்டங்களில் கிடைக்கும் விகிதத்தின் திட்டப்பிழை, மிகுந்துபோனால் 5 சதவீதப் புள்ளி. அது பாதியாக வேண்டுமா, நானூறு ஆட வேண்டும். பத்தில் ஒன்றாக வேண்டுமா, பத்தாயிரம். ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பிழை குறையும். இந்தக் கண்டிப்பு எவ்வளவு கம்பீரமானது! நூறில் ஒன்றுகூடக் கைகூடவில்லை என்றாலும் வாய்ப்பே இல்லை என்று இந்தப் பிழைக்கணக்கு முடிவுகட்டாது. ஏறத்தாழ 3 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்று இடம்விட்டே பேசும். தான் அறிந்ததோடு தன் ஐயத்தின் அளவையும் சேர்த்தே நம் கையில் தருகிற பண்பு அது.

உலாமின் எண்ணத்தை ஜான் வான் நாய்மன் பற்றிக்கொண்டார். நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ் அதற்கு மான்டி கார்லோ என்று பெயர் சூட்டினார். 1948இல் எனியாக் கணினியில் அது அணு ஆயுத ஆய்வுக்காக ஓடியது. நிரலாக்கத்தில் கிளாரா வான் நாய்மனின் கைவண்ணம் பெரிது. அங்கே சீட்டின் இடத்தில் நியூட்ரான். எவ்வளவு தூரம் போகும், எதில் மோதும், சிதறுமா, உட்கவரப்படுமா, அணுவைப் பிளந்து புதிய நியூட்ரான்களைப் பிறப்பிக்குமா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தற்போக்கு எண் தீர்ப்புச் சொல்லும். ஒரு நியூட்ரானின் கதை முடிந்ததும், அதே பொறுமையோடு அடுத்ததன் கதை தொடங்கும்.